எந்த வோல்ட், எந்த ஆம்பியர்? மின்கணக்குக் கேள்வி பதில்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): ஐயா, மின்தடைக்கு ஒன்று, திறனுக்கு மூன்று எனச் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறேன். எந்தக் கணக்குக்கு எது என்ற குழப்பம் மட்டும் தீரவில்லை.

பதில்: இரண்டு போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன் வாட்டில் கிடைக்கும். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை ஏறக்குறைய 53 ஓம், திறன் 1000 வாட். மற்ற சூத்திரங்கள் எல்லாம் இவ்விரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பெறுபவையே.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வேறு காரணத்தால். 4 ஓம், 2 ஓம் மின்தடைகள் தொடராக 12 வோல்ட் மின்கலத்துடன் இணைந்திருக்கின்றன, 4 ஓமில் செலவாகும் திறன் என்ன என்று கேட்டால், பலர் 12இன் வர்க்கத்தை 4ஆல் வகுத்து 36 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 12 வோல்ட் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது. சுற்றில் ஓடுவது 2 ஆம்பியர். 4 ஓமின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது 8 வோல்ட். ஆகவே திறன் 16 வாட். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறார்களோ அதன் முனைகளுக்கு இடையிலான வோல்ட்டையும், அதன் வழியே ஓடும் ஆம்பியரையும் மட்டுமே எடுக்க வேண்டும்.

கேள்வி: 100 வாட் குண்டு பல்பின் மின்தடை கணக்குப்படி 529 ஓம் வருகிறது. மல்டிமீட்டரில் அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரும் சரி, கணக்கும் சரி, நீங்கள் அளந்தது அணைந்து குளிர்ந்திருக்கும் பல்பை, கணக்கிட்டது எரியும் பல்பை. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாதவரைதான் அப்படியே பொருந்தும். எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறுவதால் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் 230ஐ 40ஆல் வகுத்தால் வருகிற ஐந்தே முக்கால் ஆம்பியர் வரை பாயக்கூடும். இழை சூடேறியதும் அது அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கையில் போவதைவிட, சுவிட்சைத் தட்டும்போது ‘டப்’ என்று போவதை நாம் அதிகம் பார்த்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

கேள்வி: லோ வோல்டேஜ் வந்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன். ஓம் விதிப்படி குறைய வேண்டும் அல்லவா?

பதில்: என்ன சாதனம் என்பதைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியே. 1500 வாட் வாட்டர் ஹீட்டரின் மின்தடை சுமார் 35 ஓம். அது பெரிதாக மாறுவதில்லை. 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும் அந்த ஹீட்டர் 180 வோல்ட்டில் 5.1 ஆம்பியர்தான் எடுக்கும். திறன் 920 வாட் அளவுக்கு விழுந்துவிடுவதால் தண்ணீர் கொதிக்க நெடுநேரம் ஆகும். அவர் மனத்தில் இருப்பது கிணற்று மோட்டாராக இருக்கும். ஏற்ற வேண்டிய தண்ணீரின் பளு குறையாத நிலையில், மோட்டார் ஏறக்குறைய அதே திறனைப் பெறுவதற்காகக் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது. காயில் கருகுவது அதனால்தான். மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் எண்ணைக் காயிலின் மின்தடை என்று கொள்வதும் தவறு. மாறுதிசை மின்சாரத்தில் மோட்டாரின் வாட்டைக் கணக்கிட, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதோடு நில்லாமல் திறன் காரணியாலும் (பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்குத்தொகையில் உண்மையான வாட்டாகும் பங்கு) பெருக்க வேண்டும்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டியின் ஒயரில், கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். பெட்டி சுடுகிறது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

பதில்: முழு ஒயரையும் மாட்டியிருப்பீர்கள். லைனில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. லைன் கம்பி மட்டும் கிளாம்புக்குள் வர வேண்டும்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் சாக்கெட் உருகுகிறது. ஆனால் சாக்கெட்டில் அளந்தால் சரியாக 230 வோல்ட் வருகிறது. கோளாறு எங்கே?

பதில்: ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு அளந்திருப்பீர்கள். ஆம்பியரே ஓடாதபோது தளர்ந்த இணைப்பில் வோல்ட் இழப்பு ஏற்படாது; ஆகவே மீட்டரில் எல்லாம் நலமாகத் தெரியும். பிளக் முள்ளும் சாக்கெட் பித்தளையும் சரியாகப் பற்றாமல் அங்கே அரை ஓம் மட்டும் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 6.5 ஆம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் இழப்பு மூன்றே கால் வோல்ட்தான். ஹீட்டர் வழக்கம்போலவே வேலை செய்யும். ஆனால் ஆம்பியரின் வர்க்கத்தை அரை ஓமால் பெருக்கினால் 21 வாட் வருகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஏறத்தாழ அதே சூடு, விரல் நுனியளவு இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டிருக்கிறது.

சாக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெயினை அணைத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக்கும் புதிதாகப் போட்டு, பின்புறத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் இந்த ஹீட்டரைப் போடவே கூடாது.

கேள்வி: அதே ஹீட்டரைத் தினமும் அரை மணி நேரம் போட்டால் மாதம் எத்தனை யூனிட் ஆகும்?

பதில்: ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. ஒன்றரை கிலோவாட் அரை மணிக்கு முக்கால் யூனிட். முப்பது நாளுக்கு இருபத்திரண்டரை.