வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால் பெருமம் கிடைத்துவிடுமா?

கேள்வி: பெருமம், சிறுமம் கணக்குகளில் வகைக்கெழுவை ஏன் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்துகிறோம்? அதை மட்டும் செய்தால் போதுமா?

போதாது. வகைக்கெழு, அதாவது ஓர் அளவு மாறும் வீதம், பூஜ்ஜியமாகும் புள்ளி வெறும் வேட்பாளர்தான். ஜெயித்ததா இல்லையா என்பது வாக்கு எண்ணினால்தான் தெரியும்.

ஏன் பூஜ்ஜியம் என்பதற்கு எல்லோரும் மலை உச்சியைக் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது கெப்ளரின் மதுப் பீப்பாய். ஆம், கோள்களின் விதிகளைச் சொன்ன அதே கெப்ளர். 1613-ல் இரண்டாம் திருமணம் ஆன கையோடு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வீட்டுக்கு மது வாங்கினார். வியாபாரி பீப்பாயின் நடுத்துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து, எதிர்ப்பக்கத்து அடி மூலை வரை எவ்வளவு போகிறது என்று பார்த்து விலை சொல்லிவிட்டார். பீப்பாய் ஒல்லியா குண்டா என்று கேட்கவே இல்லை! கெப்ளருக்கு உறுத்தியது. 1615-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

நாமும் போட்டுப் பார்ப்போம். பீப்பாயின் வயிற்று உப்பலை விட்டுவிட்டு அதை உருளையாகவே வைத்துக்கொள்வோம். கோல் 100 செ.மீ., பீப்பாயின் நீளம் உ, விட்டம் வி என்றால், பிதாகரஸ் தேற்றப்படி வி² = 10000 − உ²/4. ஆகவே கொள்ளளவு (பை/4) × (10000 உ − உ³/4). இதை வகையிட்டுப் பூஜ்ஜியமாக்கினால் உ² = 40000/3, அதாவது உ சுமார் 115.5 செ.மீ. கொள்ளளவு சுமார் 604.6 லிட்டர்.

விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. நீளத்தை 127 செ.மீ. ஆக்குங்கள்: 595 லிட்டர். 104 ஆக்குங்கள்: 596. நீளம் பத்து சதவீதம் பிசகியும் மது ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது. உச்சத்தை ஒட்டிக் கொள்ளளவு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. 'வகைக்கெழு பூஜ்ஜியம்' என்பது இதைத்தான் சொல்கிறது. ஆஸ்திரியப் பீப்பாய்கள் இந்த உச்ச அளவுக்கு நெருக்கமாக இருந்ததால், தச்சர் கை சற்றுப் பிசகினாலும் கோல் கணக்கு பெரிதாகத் தவறாது என்று கெப்ளரே கண்டுகொண்டார். அப்போது வகைக்கெழுவே கிடையாது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் வகையிடும் முறையை அச்சில் வெளியிட்டது 1684-ல்தான். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே பெருமமும் சிறுமமும் இருக்கின்றன.

அதற்காகக் கோலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நீளம் 60 செ.மீ. உள்ள பீப்பாயிலும் கோல் அதே 100 காட்டும். உள்ளே இருப்பதோ 429 லிட்டர்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. கிடங்கில் 100 செ.மீ.க்கு மேல் நீளமான பீப்பாய் நுழையாது என்று வையுங்கள். வகைக்கெழு பூஜ்ஜியமாகும் 115.5 நமக்கு எட்டாது. பெருமம் இடைவெளியின் ஓரத்தில், சரியாக 100-ல் வருகிறது: 589 லிட்டர். அங்கே வகைக்கெழு பூஜ்ஜியம் இல்லை. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த ஓரப் புள்ளிகளில்தான். மூடிய இடைவெளி (இரு ஓரப் புள்ளிகளும் சேர்ந்தது) கொடுத்திருந்தால் இரண்டு ஓரங்களிலும் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

கூர்முனைகளையும் விடாதீர்கள். ஓர் எண்ணின் மட்டு மதிப்புக்கு (குறியை விட்டுவிட்ட அளவுக்கு) சிறுமம் பூஜ்ஜியத்தில் வருகிறது, ஆனால் அங்கே வகைக்கெழுவே இல்லை. எண்ணின் மூன்றாம் படியோ நேரெதிர்: பூஜ்ஜியத்தில் வகைக்கெழு பூஜ்ஜியம், ஆனால் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை.

இரண்டாம் வகைக்கெழு (வகைக்கெழுவை மறுபடி வகையிட்டால் வருவது) குறை எண் என்றால் பெருமம், மிகை எண் என்றால் சிறுமம் என்ற சோதனை நல்லதுதான். ஆனால் அதுவும் பூஜ்ஜியமாகிவிட்டால் எதுவும் சொல்லாது. நான்காம் படிக்குப் பூஜ்ஜியத்தில் சிறுமம் இருந்தும் சோதனை வாய் திறக்காது. அப்போது முதல் வகைக்கெழுவின் குறி அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நான் எப்போதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.