பல நிறம் கலந்த கைச்சாய நூலில் எந்த லேஸ் பின்னலாம்?

கையால் சாயம் போட்ட கம்பளி நூல் ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல்கட்டு), நீலம், மஞ்சள், ஊதா எல்லாம் கலந்தது, கையில் இருக்கிறது. இதில் இலை டிசைன் லேஸ் ஷால் பின்னலாமா என்பது கேள்வி. என் பதில்: இந்த நூலில் இலை வேண்டாம். நூலிலும் குறையில்லை, டிசைனிலும் குறையில்லை. சேர்ந்தால்தான் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

லேஸில் யார்ன் ஓவர், அதாவது ஊசியின் மேல் நூலைக் கூடுதலாக ஒருமுறை சுற்றுவது, போட்ட இடத்தில் ஓட்டை விழும். இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிய இடத்தில் இடதோ வலதோ சாய்ந்து ஒரு மெல்லிய கோடு வரும். அந்தக் கோடுகளைத்தான் நம் கண் இலை, நரம்பு, பூ என்று படிக்கிறது. நாலைந்து கண்ணிக்கு ஒருமுறை நிறம் மாறினால் கண் நிறத்தின் பின்னாலேயே போய்விடும். எஸ்டோனியாவின் ஹாப்சலு ஊர் லேஸ் ஷால்களை வெள்ளை நூலில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரியும்.

ஆனால் பல நிறம் என்றாலே ஆகாது என்றும் இல்லை. போனில் சிட்டத்தைப் படமெடுத்து கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால் லேஸ் ஓரளவு பிழைக்கும். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை என்று பிரிந்து தெரிந்தால் நுணுக்கமான டிசைனை மறந்துவிடலாம். மஞ்சளும் அடர் ஊதாவும் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

அப்படிப்பட்ட நூலுக்கு நான் முதலில் சொல்வது ஃபெதர் அண்ட் ஃபேன் என்ற அலை டிசைன். நாலு வரிசையில் ஒரே ஒரு வரிசைதான் வேலை. ஓட்டைகளை ஒரு இடத்திலும், கண்ணி குறைப்பதை இன்னொரு இடத்திலும் குவிப்பதால் வரிசையே அலையாக வளையும், கூடவே நிறமும் வளையும். இங்கே நிறம் மாறுவது டிசைனுக்கு உதவியாகவே ஆகிறது. இன்னும் எளிதாக வேண்டுமா, எல்லா வரிசையையும் நிட் கண்ணியாகவே பின்னும் கார்ட்டர் பின்னலுக்கு நடுவே சில வரிசைக்கு ஒருமுறை ஓட்டை வரிசை போதும். புள்ளி தெளித்த நூலுக்கும் இதுவே பொருந்தும்.

ஒரே நிறத்தில் லேசாக ஏறி இறங்கும் நூல் கிடைத்தால் இலையை அதற்கு எடுத்து வையுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட் நூலும் இலைக்கு ஒத்துப்போகும், ஏனென்றால் ஒரு இலைக்குள் நிறம் அதிகம் மாறாது.

அடுத்து, நிறம் திட்டுத் திட்டாகச் சேர்வது, பூலிங் என்பார்கள். சிட்டத்தை விரித்தால் பெரிய வளையமாக இருக்கும். பெரும்பாலும் அந்த வளையத்துக்கு ஒருமுறை நிறங்கள் அதே வரிசையில் திரும்பி வரும். வட்டமாகப் பின்னும்போது ஒரு சுற்றுக்கு வேண்டிய நூலும் அந்த வளையத்தின் நீளமும் ஒன்றாகிவிட்டால் நீலத்தின் மேல் நீலம், மஞ்சளின் மேல் மஞ்சள் என்று அடுக்கிக்கொண்டே போகும். திருப்பித் திருப்பிப் பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு வளையம் ஆகும்போது இதே தொல்லை. கழுத்திலிருந்து விரியும் முக்கோண ஷாலில் வரிசை நீண்டுகொண்டே போவதால் திட்டுகள் ஒரே இடத்தில் நிற்காது. எனக்கு அதனாலேயே முக்கோணம் பிடிக்கும். நீள ஸ்கார்ஃப்தான் வேண்டும் என்றால் சில கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், அல்லது இரண்டு சிட்டங்களை இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னுங்கள். ஒரே பெயரில் வாங்கிய இரு சிட்டங்கள்கூட அச்சு அசலாக ஒரே நிறத்தில் இருப்பதில்லை, அதற்கும் இது மருந்து.

மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி) கலந்திருந்தால் அதன் பஞ்சு ஓட்டைகளை மூடும், பெரிய ஓட்டை வரும் டிசைனாகப் பாருங்கள். பட்டு கலந்தது நன்றாகத் தொங்கும்.

கடைசியாக, உள்ளங்கை அளவாவது ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, ஊசி குத்தி விரித்துக் காயவையுங்கள். விரித்த பிறகுதான் லேஸ் எப்படி இருக்கும் என்பதே தெரியும். நனைக்கும்போது தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். சாயம் இறங்கினால் இன்னொரு நிற நூலோடு, குறிப்பாக வெள்ளையோடு, அதைச் சேர்க்காதீர்கள்.