எல்எஸ்3-க்கு 224-ஆ, 236-ஆ?

நண்பரே, எல்எஸ்3 இன்ஜின் உள்ள 2010 சி6 கொர்வெட், ஆட்டோமேட்டிக், ஆபீஸுக்கும் அதே கார்தான், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை (கேம்) மாற்றினால் 224 டிகிரியா 236-ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். 224 போடுங்கள். கம்பெனி கேமின் இன்டேக் டியூரேஷன், அதாவது உள்ளிழுக்கும் வால்வை அது திறந்து வைத்திருக்கும் அளவு, 0.050 அங்குல லிஃப்டில் (கேம் தூக்கும் உயரத்தில்) அளந்தால், சுமார் 204 டிகிரிதான், அதனால் 224-ஏ பெரிய தாவல். 236 போட்டால் மேல் ஆர்பிஎம்மில் பவர் கூடும், ஆனால் டியூரேஷன் ஏறும்போது ஓவர்லேப்பும் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் அளவு) ஏறி, கீழே இழுவை குறைந்து, ஐடில் தடுமாறும். இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பெனி டார்க் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் ஊர்ந்தால் கார் குலுங்கிக்கொண்டே நகரும், தினமும் அதை உங்களால் தாங்க முடியாது. லோப் பிரிவுக் கோணத்தையும் (கேமின் இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளின் உச்சிகளுக்கு இடையிலுள்ள கோணம்) கேளுங்கள், 114 டிகிரி பக்கம் இருந்தால் ஐடில் அடங்கி நிற்கும்.

அப்புறம், கேமை மட்டும் மாற்றிவிட்டு பழைய வால்வ் ஸ்பிரிங்கை விட்டுவிடாதீர்கள். அதிக லிஃப்டுக்கு அது தாங்காது, உடைந்து வால்வ் பிஸ்டனில் இடித்தால் இன்ஜினே போச்சு. ஸ்பிரிங், சரியான நீளத்தில் புஷ்ராட் (கேமின் அசைவை மேலே ராக்கருக்குக் கடத்தும் கம்பி), புது டைமிங் செயின், ராக்கர் ட்ரனியன் (வால்வை அழுத்தும் ராக்கர் கை ஆடும் அச்சு) எல்லாம் ஒரே வேலையில் முடித்துவிடுங்கள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியையும் மெக்கானிக்கை நிஜமாக அளந்து காட்டச் சொல்லுங்கள். ட்யூனுக்கான (புது கேமுக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டரைச் சரிசெய்வதற்கான) பணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள், ட்யூன் செய்யாமல் ஓட்டவே கூடாது.