பட்டனுக்கு விளையாட்டு தெரிய வேண்டாம்

வாசகர் கேள்வி – கணினிப் பக்கம்

கேள்வி: கணினியை எதிர்த்து மட்டுமே ஆடும் ஒரு விளையாட்டுக்காகப் பைத்தான் மொழியில் பாட் (ஆளுக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரல்) ஸ்கிரிப்டுகள் எழுதி வருகிறேன். இதுவரை ஆறு எழுதிவிட்டேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எத்தனை சுற்று, எந்த இடம், எவ்வளவு நேரம் என்று கேட்கும் ஜன்னல் ஒன்று வரும். அந்தப் பகுதியைப் பழைய ஸ்கிரிப்டிலிருந்து வெட்டி ஒட்டுவதே என் வழக்கம். ‘தொடங்கு’ பட்டனை அழுத்தியதும் ஜன்னல் உறைந்துவிடுகிறது. அதன்பின் ‘நிறுத்து’ பட்டன் வேலை செய்வதில்லை. இவற்றைப் பொருள்நோக்கு முறையில் (தகவலையும் அதற்கான செயல்களையும் ஒரே பொருளாகக் கட்டும் முறை) ஒரு நூலகமாக, அதாவது எல்லா ஸ்கிரிப்டுகளும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோப்பாக, எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– படிவம் 5 மாணவர், பீடோங்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. வெட்டி ஒட்டுவது ஒன்று, ஜன்னல் உறைவது மற்றொன்று. நூலகம் முதலாவதற்குத்தான் மருந்து. இரண்டாவதைத் தீர்க்காமல் நூலகம் எழுதினால், உறைகின்ற ஜன்னலை ஆறு ஸ்கிரிப்டுகளுக்கும் பொதுவாக்கிய கதையாகிவிடும். ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்திற்குக் குலைக் கணக்குப் பதியும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ‘பதிவு செய்’ பட்டனை அழுத்தினால் கணக்கு வேறொரு கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிரல் திரும்பி வரும். ஒரு மழை நாளில் இணையம் இழுத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வெளுத்து அசையாமல் நின்றது. பட்டன் சரியாக அழுந்தவில்லை என்று நினைத்த கிராணி இன்னும் மூன்று முறை அழுத்தினார். இணையம் சீரானதும் ஒரே மண்டோரின் கணக்கு நான்கு தடவை பதிவாகியிருந்தது. பிழை அவருடையதன்று, என்னுடையது.

ஏன் அப்படி நடந்தது? வரைகலை இடைமுகத்தின் உள்ளே ஒரே ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தானில் ஜன்னல்களை வரைய உதவும் டிகிண்டரில் அதற்கு மெயின்லூப் என்று பெயர். சுட்டியின் அழுத்தம், விசைப்பலகையின் தட்டல், ஜன்னலை மறுபடி வரைதல் ஆகிய எல்லாமே அதன் முன் வரிசையில் நிற்கின்றன. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அது அடுத்ததை எடுக்கும். பட்டனோடு இணைத்த உங்கள் செயற்கூறு (அழுத்தினால் ஓடும் நிரல்துண்டு) திரும்பி வராதவரை வரிசை நகராது. அழுத்தங்கள் தொலைந்துபோவதில்லை, காத்திருக்கின்றன. அதனால்தான் நான்கு பதிவுகள். மணிக்கணக்கில் ஓடவேண்டிய பாட்டின் சுழற்சியை நீங்கள் ‘தொடங்கு’ பட்டனின் செயற்கூற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். ‘நிறுத்து’ என்ற அழுத்தம் வரிசையில் நிற்கிறது, எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பாட்டைத் தனித் திரெட்டில், அதாவது ஜன்னலின் சுழற்சியோடு ஒரே நேரத்தில் ஓடும் இன்னோர் இழையில், ஓட விடுங்கள். பாட்டின் திரெட் ஜன்னலில் உள்ள எதையும் நேரடியாகத் தொடக் கூடாது. ‘12ஆம் சுற்று முடிந்தது’ என்று சொல்ல வேண்டுமானால், அச்செய்தியை ஒரு கியூவில் (செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கட்டும். ஜன்னல், டிகிண்டரின் ஆஃப்டர் என்னும் மெத்தட் (ஒரு பொருளுக்குச் சொந்தமான செயற்கூறு) வழியாக, 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை அந்தக் கியூவை எட்டிப் பார்த்து வந்ததைத் திரையில் எழுதட்டும். நிறுத்துவதற்குத் திரெட்டிங் தொகுதியில் உள்ள ஈவென்ட் என்னும் பொருளைப் பயன்படுத்துங்கள்: பட்டன் அதை ‘செட்’ செய்யும், பாட் ஒவ்வொரு சிறு வேலைக்குப் பிறகும் அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே பலரும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. பாட் 30 வினாடி காத்திருக்க வேண்டிய இடத்தில் ஸ்லீப் என்று எழுதினால், நிறுத்தச் சொன்ன பிறகும் அது அந்த 30 வினாடியைத் தூங்கித் தீர்த்துவிட்டுத்தான் விழிக்கும். அதற்குப் பதிலாக அதே ஈவென்டின் வெயிட் மெத்தடுக்கு 30 என்று கொடுத்தால், காத்திருப்பும் நடக்கும். நிறுத்து என்றதும் உடனே விழித்தும் கொள்ளும்.

இனி நூலகத்திற்கு வருகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: பட்டனுக்கு விளையாட்டு தெரியக் கூடாது, பாட்டுக்கு ஜன்னல் தெரியக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அமைப்புகளை மட்டும் சுமக்கும் எளிய பொருள் ஒன்று இருக்கட்டும். சுற்றுகள், இடம், நேரம் ஆகிய மதிப்புகளைத் தவிர அதில் வேறொன்றும் வேண்டாம். ஜன்னல் அதை நிரப்பிக் கொடுக்கிறது, பாட் அதை வாங்கி ஓடுகிறது. அதை ஜேசன் கோப்பாக (மதிப்புகளை எழுத்து வடிவில் வைக்கும் கோப்பு) சேமித்து வைத்தால் மறுநாள் ஜன்னலே இல்லாமலும் பாட்டை ஓட்டலாம். எல்லை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பாட்டின் கோப்பில் ‘இம்போர்ட் டிகிண்டர்’ என்ற வரி இருந்தால் எல்லை உடைந்துவிட்டது. நூலகத்தின் கோப்பில் மீன், மரம், சுரங்கம் என்று விளையாட்டின் சொல் ஏதேனும் இருந்தாலும் உடைந்துவிட்டது.

எந்த இடத்தில் மரபுரிமம் (பொருள்களுக்கு அச்சாகும் ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸைப் பிறப்பித்தல்) வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதில்தான் இளைஞர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். ‘புலம்’ (ஜன்னல் படிவத்தில் ஒரு மதிப்பைக் கேட்கும் கட்டம்) என்று ஓர் அடிப்படைக் கிளாஸை எழுதுங்கள். தன் பெயர், தன் தொடக்க மதிப்பு, தன்னை வரைந்துகொள்ளும் முறை, உள்ளிட்டது சரிதானா என்று சோதிக்கும் முறை, மதிப்பைத் திருப்பித் தரும் முறை ஆகியவை அதனுள் இருக்கட்டும். எண் புலம், தெரிவுப் புலம், சரிக்குறிப் புலம் ஆகியவை அதிலிருந்து பிறக்கட்டும். படிவத்தின் கிளாஸ் தன்னிடமுள்ள புலங்களை வரிசையாக அழைத்து ‘உன்னை வரைந்துகொள், உன் மதிப்பைக் கொடு’ என்று கேட்டால் போதும். எது எண், எது தெரிவு என்று அது ஆராய வேண்டியதில்லை. மரபுரிமம் இங்கே தன் கூலிக்கு உழைக்கிறது. ஆனால் பட்டனிலிருந்து ‘மீன்பிடித் தொடக்கப் பட்டன்’ என்று ஒரு கிளாஸைப் பிறப்பிக்காதீர்கள். 1995இல் வெளிவந்த டெல்ஃபி என்னும் நிரலாக்கக் கருவி இந்தப் பாடத்தை அழகாகக் காட்டியது. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் வடிவமைத்த அந்தக் கருவியில் பட்டனின் ‘ஆன்கிளிக்’ என்பது இரண்டு தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சுட்டு மட்டுமே: எந்தப் பொருள், அதன் எந்த மெத்தட். பட்டன் ஒரே கிளாஸ்தான். அழுத்தினால் யாரை அழைப்பது என்பதை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறோம். பாஸ்கல் மொழியில் பாட் எழுதுவோருக்குப் பழக்கமான லாசரஸ் என்னும் நிரலாக்கக் கருவியும் இதே வழியில் செல்கிறது. நீங்கள் டிகிண்டரில் பட்டனின் ‘கமாண்ட்’ என்ற இடத்தில் ஒரு பொருளின் மெத்தடைக் கொடுக்கும்போதும் இதே இரண்டு தகவல்கள்தான் சேர்ந்து போகின்றன.

எழுதத் தொடங்குமுன் ஆறு ஸ்கிரிப்டுகளின் ஜன்னல் பகுதிகளையும் தாளில் அச்சிட்டு, பொதுவான வரிகளின் கீழே கோடிடுங்கள். குறைந்தது மூன்றில் வருவது நூலகத்திற்குப் போகட்டும். ஒன்றில் மட்டும் வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்.

கேள்வி: என் மகனும் இப்படிப் பாட் எழுதுகிறான். இது ஏமாற்று வேலை என்று அவன் மாமா சொல்கிறார். தடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அது எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகள் பலவும் பாட்டுகளைத் தடை செய்திருக்கின்றன. 2001 முதல் நடந்துவரும் ரூன்ஸ்கேப்பில் அது விதிமீறல், கணக்கு முடக்கப்படும். அங்கே ஆடுகிறவராக இருந்தால் மாமா சொல்வது சரி. பாட் எழுதுவதற்கென்றே உருவான விளையாட்டுகளும் இருக்கின்றன. ரோபோகோட்டில் போர்க்களத் தாங்கியின் மூளையை ஜாவா மொழியில் எழுதி மோத விட வேண்டும். கையால் ஆடுவதுதான் அங்கே நோக்கமே அன்று. மகனைத் தடுக்காமல் அந்தப் பக்கம் திருப்பி விடுங்கள்.

கேள்வி: என் நிரலின் ஜன்னலில் தமிழில் தலைப்புகள் வைத்தேன். எழுத்துகளை எண்ணி அகலம் கொடுத்தும் சில தலைப்புகள் பாதியில் வெட்டுப்படுகின்றன. என்ன காரணம்?
– வாசகர், லூனாஸ்

பதில்: ‘தோட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் தோ, ட், ட, ம் என்று நான்கு எழுத்துகள். பைத்தானிடம் நீளம் கேட்டால் 7 என்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் ஓகாரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள். லாசரஸில் கேட்டால் 21 என்று வரும். அது யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணுகிறது, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. போதாக்குறைக்கு, டிகிண்டர் தலைப்பின் அகலத்தை அந்த எழுத்துருவின் பூஜ்ய எண்ணின் அகலத்தால் அளக்கிறது. ‘ணொ’ பூஜ்யத்தைவிட எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எனவே எந்த எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். எழுத்துருப் பொருளின் ‘மெஷர்’ என்னும் மெத்தடுக்குச் சொல்லைக் கொடுத்தால் அது திரையில் எத்தனை பிக்சல் பிடிக்கும் என்று சொல்லும். படிவத்தின் எல்லாத் தலைப்புகளையும் அப்படி அளந்து, மிக நீண்டதன் அளவை தலைப்புகள் நிற்கும் முதல் நெடுவரிசைக்குக் குறைந்தபட்ச அகலமாகக் கொடுங்கள். பீடோங் தம்பியும் இந்த வேலையைத் தம் படிவத்தின் கிளாஸுக்குள் ஒரே ஒரு முறை எழுதி வைத்துக்கொள்ளலாம்.