லைசென்ஸ் இல்லாத வில்லால் காட்டுப்பன்றியை அடிக்கலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிறோம். கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி ஒரே ராத்திரியில் நாசம் செய்துவிடுகின்றன. என் மகன் கல்லூரியில் வில்வித்தைப் பயிற்சி எடுக்கிறான். அவனுக்கு காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்) வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ், வில்லுக்குக் கிடையாது. உங்கள் நிலத்தில் பன்றி வந்தால் தாராளமாக அம்பு விடலாம்" என்று வில் விற்றவர் சொன்னார். வேட்டைக்கென்று தனியாக ஒரு செட் அம்பு முனைகளையும் தந்தார். கேரளாவில் பன்றியைக் கொல்ல அனுமதி உண்டாமே? 15 ஆயிரம் ரூபாய் கொடுத்தால் வனத்துறை அனுமதி வாங்கித் தருவதாக எங்கள் ஊரில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பன்றி மேல் அம்பு விடாதீர்கள். மகனின் வில்லை ராத்திரிக் காவலுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த 15 ஆயிரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். காரணங்களை அப்புறம் சொல்கிறேன். வெள்ளாமை நிற்கிற நேரத்தில் பொறுமையாகப் படிக்க முடியாது என்பதால் இந்த மூன்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். விளையாட்டுக்காக வாங்கும் வில்லுக்கு நடைமுறையில் யாரும் உரிமம் கேட்பதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கி வரலாம். சரி. ஆனால் பொருளை வைத்திருப்பது ஒன்று, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறொன்று. வீட்டு அரிவாளுக்கும்தான் லைசென்ஸ் கிடையாது, அதனால் அதை யார் மேல் வேண்டுமானாலும் வீசலாம் என்று ஆகிவிடாது. டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிற வாக்குவாதத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, "வில்லுக்குத் தடை இல்லை, ஆகவே வேட்டைக்கும் தடை இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். தண்டனை அனுபவிப்பதோ அந்தப் பேச்சைக் கேட்டு வயலுக்குப் போனவர்.

உங்கள் விஷயத்தில் பேச வேண்டிய சட்டம் வேறு. அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவில் 'ஆயுதம்' என்றால் என்ன என்று ஒரு பட்டியலே இருக்கிறது. துப்பாக்கி, வெடிபொருள், கத்தி, வலை, விஷம், கண்ணி ஆகியவற்றோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. "வில்லைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் அந்தச் சட்டத்தைத் திறந்துகூடப் பார்க்காதவர்.

அதே பிரிவில் 'வேட்டை' என்பதற்கும் விளக்கம் உண்டு. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். நீங்கள் விட்ட அம்பு பன்றி மேல் படாமல் வரப்பில் குத்தி நின்றாலும் அது வேட்டைதான். "சாகவில்லையே சார், ஓடிப்போச்சே" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. நாயை ஏவிப் பன்றியைப் பிடிப்பதும் இதில் அடக்கம். தகரம் தட்டுவது, விளக்கு அடிப்பது, சத்தம் போட்டு விரட்டுவது குற்றம் இல்லை.

இந்தச் சட்டம் பாதுகாக்கும் விலங்குகளை அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலய எல்லைக்குள் என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம். உங்கள் பக்கத்து மலையில் பெரும்பகுதி 2015-இல் நெல்லை வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். அடிபட்ட பன்றி மேற்கே ஓட, அதைத் தேடி வில்லோடு நீங்களும் எல்லையைத் தாண்டினால் வழக்கின் நிறமே மாறிவிடும். அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே தனிக் குற்றம். வில்லும் போகும், வந்த பைக்கும் போகும், இரண்டையும் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. ராத்திரியில் பன்றி என்று நினைத்துக் கரடி மேல் விட்டுவிட்டால், அது முதல் அட்டவணை விலங்கு, தண்டனை மேலே சொன்ன ஏழு ஆண்டு வகை. பக்கத்துத் தோட்டக்காரர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த 'வேட்டை முனை' விஷயத்துக்கு வருகிறேன். மகன் பயிற்சியில் பயன்படுத்தும் அம்பை எடுத்துப் பாருங்கள். முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி உருண்டு கூராக, அம்புத் தண்டின் பருமனிலேயே இருக்கும். இலக்குப் பலகையில் குத்தி நிற்கும், இழுத்தால் வந்துவிடும். கடைக்காரர் தனியாகக் கொடுத்த முனையில் இரண்டு மூன்று பிளேடுகள் இறக்கை மாதிரி விரிந்திருக்கும். அது சதையை அறுத்து ரத்தம் கொட்ட வைப்பதற்கென்றே செய்தது. வழக்கமான வில்வித்தைப் போட்டிகளில் அதற்கு இடமில்லை. இலக்குப் பலகையையே கிழித்துவிடும் என்று எந்தப் பயிற்சியாளரும் அதை மைதானத்துக்குள் விடமாட்டார். "என் மகன் விளையாட்டு வீரன்" என்று நீங்கள் சொல்லக்கூடிய ஒரே பதிலை அந்த முனைகள் கெடுத்துவிடும். வீட்டில் சோதனை நடந்து, வில்லோடு அவையும் கிடைத்தால், மகஜரில் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில்) முதல் வரியாக ஏறுவது அவைதான். விற்கிறவருக்கு இது தெரியும். பில்லில் 'விளையாட்டுப் பொருள்' என்று மட்டும் போட்டுத் தருகிற வியாபாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்ட பிறகு போன் போட்டால் எடுக்கமாட்டார்கள்.

அமெரிக்க வீடியோக்களைக் காட்டி விற்பது இன்னொரு தந்திரம். அங்கே பல மாநிலங்களில் வில் வேட்டைக்கு லைசென்ஸும் குறிப்பிட்ட பருவமும் வைத்து அனுமதிக்கிறார்கள். பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவதே சட்டவிரோதம். இரண்டுமே உங்கள் வயலுக்குப் பொருந்தாது.

இனி எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம்: தற்காப்பு. "பன்றி என் மேல் பாய்ந்தது, வேறு வழியில்லாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாமா?" இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு விலக்கை நம்பித்தான் பலர் துணிகிறார்கள். சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்தோடு ஒரு வன விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமாகாது. ஆனால் அங்கே சொல்லியிருப்பது ஆளின் உயிரை. பயிரை இல்லை. மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருந்த பன்றி உங்கள் உயிருக்கு ஆபத்தாக இருந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? இரண்டாவது, அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்த விலக்கு கிடைக்காது. வேட்டையாடப் போன இடத்தில் பன்றி திருப்பித் தாக்கியது என்பது தற்காப்பு ஆகாது. மூன்றாவது, கேள்விகள் இப்படி வரும்: ராத்திரி பதினொரு மணிக்கு வில்லும் அம்பும் பரண் மேல் எப்படி வந்தன? அம்பு முன்னாலிருந்து பாய்ந்ததா, விலாவில் பக்கவாட்டில் பாய்ந்ததா? பாய்ந்து வரும் விலங்கை விலாவில் அடிக்க முடியாது, மேய்ந்துகொண்டு நிற்பதைத்தான் அடிக்க முடியும். எவ்வளவு தூரம்? உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுத்தீர்களா, கறியைப் பங்கு போட்டீர்களா? தற்காப்பில் கொன்றாலும் அந்த உடல் அரசின் சொத்து. சட்டியில் ஏறிய கறி, தற்காப்பு வாதத்தை அங்கேயே முடித்துவிடும். காலையில் மகனின் நண்பர்கள் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அம்பு பட்ட பன்றி அங்கேயே விழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த தோல் இருக்கும். அம்போடு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் புல் அறுக்க வருகிற அம்மா மேல் பாயும்.

இன்னொன்று எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சில நில உரிமையாளர்கள் "ஆதிவாசிக்கு வேட்டை உரிமை உண்டு" என்று சொல்லி மலையிலிருந்து பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டி வந்து கூலி கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. கைதாகிறவர் அந்த ஏழைதான். சொன்னவர் சாட்சிக் கூண்டுக்குக்கூட வரமாட்டார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கேரளா கதை என்ன? 2022-இல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். சுடுவது உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள். கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அந்த உத்தரவுக்கு மதிப்பு இல்லை. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அறிவித்த முறை வேறு: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். விவசாயி சுடுவது எந்த வட்டத்திலும் இல்லை.

புரோக்கர் தருவதாகச் சொல்லும் 'அனுமதி' என்னவென்று சொல்கிறேன். என்னிடம் வழக்குக்காக வந்த ஒரு கட்சிக்காரர் அதைக் கொண்டுவந்து காட்டினார். அவர் பெயரிலேயே எழுதிய மனுவின் நகல், ஓரத்தில் ஊதா மையில் 'பெறப்பட்டது' என்று ஒரு முத்திரை, தேதி. அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் தபால் பிரிவில் மனுவை நீட்டினால் இலவசமாகக் குத்தித் தரும் முத்திரை அது. உண்மையான அனுமதி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ, காரணத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் பிறப்பிக்கும் உத்தரவு. அதில் உத்தரவு எண் இருக்கும். அது இல்லாத காகிதத்துக்கு 15 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த ஊதா முத்திரையை நீங்களே போய் வாங்குங்கள். வனச்சரகருக்கு ஒரு மனு, மாவட்ட வன அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல். சிட்டா, அடங்கல், சேதமான பயிரின் தேதி தெரியும் படங்கள், பன்றியின் குளம்புத் தடம் பதிந்த படம் ஆகியவற்றை வையுங்கள். மனுவில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஒன்று பயிர்ச் சேத இழப்பீடு, மற்றது என் நிலம் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, அதற்கேற்ற நடவடிக்கை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். சேதமான இடத்தை அதிகாரி வந்து பார்க்கும்வரை உழுதுவிடாதீர்கள்.

வருவார்களா என்று கேட்பீர்கள். தாமதமாகத்தான் வருவார்கள், சில சமயம் வரவே மாட்டார்கள். வனத்துறை வி.ஏ.ஓ.வைக் கைகாட்டும், வி.ஏ.ஓ. வேளாண்மைத் துறையைக் கைகாட்டுவார், அதற்குள் அறுவடையே முடிந்துவிடும். மூன்று வட்டம் போட்ட அரசாங்கம், ஒரு விவசாயியின் நிலம் எந்த வட்டத்தில் விழுகிறது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தால் என்ன? சர்வே எண்ணும் காட்டின் வரைபடமும் அவர்களிடமே இருக்கின்றன. விவசாயியை நடக்கவிட்டே சோர்வடைய வைத்தால், அவன் கம்பியையும் வெடியையும் தேடிப் போகத்தான் செய்வான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மனுவின் நிலை என்ன என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பு நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பி என்றதும் ஒரு வார்த்தை. மோட்டார் ரூமிலிருந்து வேலிக்குக் கரண்ட் இழுக்காதீர்கள், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்காதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் பன்றிக்கு இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். சூரிய மின்வேலி போடுவதென்றால் அதே 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

மகனின் வில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். வாங்கிய பில், பயிற்சி மையத்தின் அல்லது கல்லூரியின் கடிதம், இரண்டையும் பையிலேயே வைத்திருக்கட்டும். பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகாமல் பெட்டியில் பூட்டி எடுத்துப் போகட்டும். மாவட்டத்தில் கூட்டம் கூடவோ ஆயுதம் எடுத்துப் போகவோ தடை உத்தரவு இருக்கும் நாட்களில் வில் வீட்டிலேயே இருக்கட்டும். மலைப்பக்கம் போகும்போது எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துப் போக வேண்டாம், குரங்கை விரட்டத்தான் என்றாலும் வேண்டாம். பிளேடு வைத்த அந்த முனைகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அந்தக் கடைக்காரர் பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.