குற்றம் பைக்கற்றிலா, பரலிலா?

கேள்வி: ஐயா, குச்சவெளிப் பக்கம் 250 முட்டைக்கோழி வளர்க்கிறேன். தீன் நானே கலக்கிறேன்: சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, 100 கிலோவுக்கு 8 கிலோ கருவாட்டுக் கழிவுத் தூள் (பரலில் வறுத்து இடிப்பது), கொஞ்சம் உப்பு, பைக்கற்றில் வரும் டிஎல்-மெத்தியோனின் (புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று). ஒரு மாதமாக முட்டை சிறுத்துவிட்டது, எச்சம் தண்ணியாகப் போகிறது. செத்த கோழி ஒன்றை வெட்டிப் பார்த்தேன். சிறுநீரகம் வீங்கி, சுண்ணாம்பு பூசினது போல இருந்தது. மெத்தியோனினில் பாதி 'டி' வகை, அது கோழிக்கு உதவாது, சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்று ஒரு முகவர் சொல்லி, மூன்று மடங்கு விலையில் 'எல்' போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நான் நஞ்சையா போட்டுக்கொண்டிருக்கிறேன்?

பதில்: இல்லைத் தங்கச்சி. 'டி'யும் 'எல்'லும் இடக்கையும் வலக்கையும் போல ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள். பாதி 'டி' என்பது உண்மை. மற்றதெல்லாம் போத்தல் விற்கிற கதை.

அந்த 'டி' வகையைக் கையாளவென்றே கோழியின் சிறுநீரகத்திலும் ஈரலிலும் ஒரு நொதியம் இருக்கிறது: டி-அமினோ அமில ஒட்சிடேசு. விலங்கின் சிறுநீரகத்தில் இப்படியொன்று வேலை செய்வதை ஹான்ஸ் கிரெப்ஸ் 1935இலேயே காட்டிவிட்டார். அது டி-மெத்தியோனினின் அமினோப் பகுதியைக் கழற்றிவிடும். அமோனியாவும் ஐதரசன் பேரொட்சைட்டும் வெளியே வரும். பேரொட்சைட்டைக் கற்றலேசு என்ற இன்னொரு நொதியம் அங்கேயே உடைத்துவிடும். மிஞ்சும் கீட்டோ அமிலத்துக்கு டி, எல் என்ற பேதமே கிடையாது. உடம்பு அதில் புதிதாக ஓர் அமினோப் பகுதியை மாட்டி எல்-மெத்தியோனின் ஆக்கிக்கொள்ளும். ஆகவே பாதி வீண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முகவர் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் கதையை மெத்தியோனினுக்கு மாட்டியிருக்கிறார். லைசினில் 'டி' போனால் போனதுதான், அமினோப் பகுதியைத் திருப்பி மாட்ட விலங்கால் முடியாது. அதனால்தான் லைசின் மூட்டையில் 'எல்' என்று போட்டிருக்கும். கடைக்குப் போனால் வாசித்துப் பாருங்கள். 100 கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் மெத்தியோனின் போதும். ஒரு கிலோ தவிட்டில் முதலில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், இது மிஞ்சினாலும் கெடுதல். இந்த நொதியம் வேலை செய்ய வைற்றமின் பி2 வேண்டும். பி2 வெளிச்சத்தில் கெட்டுப்போகும், அதனால் வைற்றமின் கலவையைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு ஜன்னலில் வைக்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருவோம். அந்த 8 கிலோ தூள்.

கருவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு என்று வைத்தாலும் 1.6 கிலோ ஆகிறது. 100 கிலோ முட்டைக்கோழித் தீனுக்கு மொத்தமாகத் தேவை 300 கிராம் அளவுதான். அதற்கு மேல் நீங்கள் தனியாகவும் உப்புப் போடுகிறீர்கள்! கடற்கரைக் கிணறு என்றால் தண்ணீரும் உவர்ப்பாக இருக்கலாம், குடித்துப் பார்த்து எழுதுங்கள். தண்ணி எச்சத்துக்கு முதலில் நான் சந்தேகப்படுவது உப்பைத்தான். நீங்கள் கண்ட வெள்ளைப் பூச்சு யூரிக் அமில உப்பு. சிறுநீரகம் களைத்துப்போனால் அது அங்கே தங்கும். தண்ணீர்க் குறையும் சில நோய்களும்கூட அப்படிச் செய்யும். இன்னொன்று செத்தால் அழுகுமுன் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் பரல். மீன்தூளைக் கறுக்கக் கறுக்க வறுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், நீங்கள் குறை நினைக்கக் கூடாது. 'நல்லா வறுத்தால் புழு வராது' என்பார்கள். புழு வராது, புரதமும் வராது. கடுஞ்சூட்டில் லைசின் மற்றப் பொருட்களோடு ஒட்டிக்கொண்டு குடலுக்கு எட்டாமல் போகும். புரதத்துக்குள் இருக்கும் அமினோ அமிலங்களில் ஒரு பகுதி 'எல்'லிலிருந்து 'டி'யாகப் புரளும். அந்த இடத்தில் செரிமான நொதியத்தின் கத்தி வெட்டாது. வெட்டி விடுவித்தால்தானே அது சிறுநீரகம் வரை போகும்? எச்சத்தோடு போய்விடும். முகவர் பயமுறுத்திய 'டி' வகையை நீங்களே பரலில் செய்துகொண்டிருக்கிறீர்கள். சூரை, சாளை போன்ற மீனைக் கருக்கினால் கிசரோசின் என்ற பொருளும் உண்டாகும். அது கோழியின் அரைப்பையைப் புண்ணாக்கும். சொண்டோரம் கறுப்பாக ஏதும் வடிகிறதா என்று பாருங்கள்.

உப்புப் போடாத மீன் கழிவை வாங்குங்கள். கொஞ்ச நேரம் அவித்து, சாக்கில் போட்டுப் பிழிந்து, வலைத்தட்டில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காய விடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் சீக்கிரம் காயும். கையில் எடுத்து ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், நிறம் இளம் மண்ணிறமாக இருக்க வேண்டும். ரோட்டில் மட்டும் காயப்போடாதீர்கள். தூளில் ஒரு பிடியைத் தெளிந்த தண்ணீரில் கலக்கிவிட்டு அடியைப் பாருங்கள், எவ்வளவு மணல் தின்னக் கொடுத்தோம் என்று தெரியும். 100 கிலோவுக்கு 5 கிலோ போதும், அதற்கு மேல் முட்டையில் மீன் மணக்கும்.

வெக்கையில் கோழி குறைவாகத் தின்னும், முட்டை சிறுக்க அதுவும் காரணமாகலாம். பழைய தூளை இன்றே நிறுத்தி, அதன் இடத்தில் சோயாப் புண்ணாக்கைக் கூட்டுங்கள். இன்று 30 முட்டையை நிறுத்து எழுதிவையுங்கள், மூன்று கிழமை கழித்துத் திரும்ப நிறுத்து இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். அந்தப் போத்தலின் மூடியை இன்னும் திறக்கவில்லை என்றால் அவர் அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.