இங்கிலீஷ் சாயட்டும், தமிழ் நிமிர்ந்தே நிற்கட்டும்

கேரள எல்லையில் இருக்கும் புளியரைப் பக்கம் ஃப்ளெக்ஸ் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஐயப்ப சீசனுக்கு ஒரு ஓட்டல் போர்டு வந்திருக்கு. பேரை இங்கிலீஷ்ல இட்டாலிக் சான்ஸ் செரிஃப்ல வச்சேன், பார்ட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தமிழ், மலையாளம், தெலுங்கு மூணும் அதே மாதிரி சாஞ்சு வரணும்ங்கிறார். கோரல்ல சாச்சுப் பார்த்தா விழப்போற மாதிரி இருக்கு. எத்தனை டிகிரி வைக்கணும்? மெனு கார்டும் நான்தான் செய்யணும்."

தம்பி, டிகிரி கடைசியில் சொல்கிறேன். (மற்றவர்களுக்கு: இட்டாலிக் என்றால் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, சான்ஸ் செரிஃப் என்றால் கோட்டு முனைகளில் சின்னக் குறுக்குக் கோடு இல்லாத எழுத்து, கோரல் என்பது போர்டு வரையும் கணினி மென்பொருள்.) முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலிப்ரி ஃபான்ட்டில் இங்கிலீஷ் சின்ன 'ஏ' எழுத்தை அடியுங்கள். நிமிர்ந்த வடிவத்தில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு வயிறு என்று இரண்டு மாடி இருக்கும். இட்டாலிக்குக்கு மாற்றினால் மேல்மாடி காணாமல் போய், நாம் பேனாவால் எழுதுவது போல ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கோடுமாக ஆகிவிடும். அது சாய்த்த எழுத்து இல்லை, தனியாக வரைந்த எழுத்து. ஏரியலில் அதே 'ஏ' இரண்டு மாடியோடு அப்படியே சாயும். இட்டாலிக் பிறந்ததே கையெழுத்திலிருந்துதான்: 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகக்காரர் முழுப் புத்தகத்தையே அதில் அச்சிட்டார். சான்ஸ் செரிஃப் வந்தது 19-ஆம் நூற்றாண்டில், அதற்கு அப்படிப் பேனா வழி கிடையாது, அதனால்தான் அந்தக் குடும்பத்தில் பாதி ஃபான்ட்டுகள் வெறுமனே சாய்ந்து நிற்கின்றன.

ஆனால் வெறுமனே சாய்வதிலும் நல்ல கம்பெனிகள் கை வைத்துத் திருத்துவார்கள். ஒரு வட்டத்தைக் கணினியில் சாய்த்தால் வலது மேல் முனையும் இடது கீழ் முனையும் தடித்துவிடும், மற்ற இரண்டு முனைகளும் மெலிந்துவிடும். ஒரே கனமாக இருந்த 'ஓ' கோணிப்போன வளையல் மாதிரி ஆகும். நல்ல ஃபான்ட்டுகளில் இதைக் கண்ணால் பார்த்துச் சரி செய்திருப்பார்கள். கோரலில் நீங்கள் சாய்க்கும்போது அதைச் செய்ய ஆள் இல்லை.

இப்போது நம் எழுத்துக்கு வருவோம். 'சாப்பாடு' என்று அடித்துச் சாய்த்துப் பாருங்கள். ப-வும் ட-வும் நேர்கோட்டு எழுத்துகள், அதனால் நன்றாகச் சாய்ந்து தெரியும். 'இ', 'ஐ', 'ஞ' போன்ற சுழி எழுத்துகள் சாய்ந்த மாதிரியே தெரியாது, ஒரு பக்கம் வீங்கின மாதிரிதான் தெரியும். அப்புறம் புள்ளி. ஒரு அடி உயர எழுத்தை 12 டிகிரி சாய்த்தால் தலை சுமார் இரண்டரை அங்குலம் வலப்பக்கம் நகர்கிறது. 'ப்' மேல் இருக்கும் புள்ளி இன்னும் உயரத்தில் இருப்பதால் மூன்று அங்குலம் தாண்டி, பக்கத்து எழுத்தின் தலைமேல் போய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பான எழுத்து. மலையாளம் முழுக்க வட்டம் என்பதால் வீக்கம் இன்னும் அதிகம். மஞ்சரி ஃபான்ட்டை எடுத்துக்கொண்டால் மெல்லியது, சாதாரணம், தடித்தது என்று மூன்று கனம் உண்டு, இட்டாலிக் கிடையாது. தெலுங்கில் ஏற்கெனவே வலப்பக்கம் எகிறி நிற்கும் தலைக்கட்டு (எழுத்தின் தலையில் வரும் டிக் மாதிரிக் குறி) படுத்தே விடும், ஆந்திராவிலிருந்து வரும் சாமிமார் சிரமப்பட்டு வாசிக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் இங்கிலீஷ் மட்டும் சாயட்டும். மற்ற மூன்றும் நிமிர்ந்தே இருக்கட்டும், ஆனால் கோட்டின் கனம் ஒத்துப்போக வேண்டும். தமிழுக்கு முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எதுவானாலும் பல கனங்களில் கிடைக்கும், இங்கிலீஷுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரே கறுப்பாகத் தெரிவதை எடுங்கள். பார்ட்டி கேட்கிற வேகம் வேண்டுமென்றால், எழுத்துக்குப் பின்னால் ஒரு வண்ணப் பட்டை போட்டு அதன் இரண்டு முனைகளையும் இங்கிலீஷ் எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில் வெட்டுங்கள். இதைப் பார்த்தபிறகு பெரும்பாலும் எழுத்தைச் சாய்க்கச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியும் பிடிவாதமாக இருந்தால், 6 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தைக் கர்வாக (வெறும் வரைகோடாக) மாற்றி, புள்ளியை ஒவ்வொன்றாக இடப்பக்கம் இழுத்து அதனதன் எழுத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இகர, ஈகார வளைவுகள் அடுத்த எழுத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள், இடித்தால் இடைவெளி கூட்டுங்கள்.

மெனு கார்டில் இட்டாலிக்குக்கு நல்ல வேலை இருக்கிறது. பண்டத்தின் பெயர் நிமிர்ந்த எழுத்தில், அதற்குக் கீழே 'தேங்காய்ப்பால், குருமிளகு சேர்த்தது' என்கிற மாதிரி ஒரு வரி விளக்கம் இங்கிலீஷில் வந்தால் அது இட்டாலிக்கில். தமிழில் அதே விளக்கத்தை ஒரு சைஸ் சின்னதாக, மெல்லிய கனத்தில் வையுங்கள். விலை எண்களை மட்டும் சாய்க்கவே வேண்டாம், வரிசை கலைந்து தெரியும். இங்கிலீஷிலும் ஒன்றிரண்டு வரிக்கு மேல் இட்டாலிக் போனால் கண் வலிக்கும், முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் இன்னும் மோசம்.

ஃப்ளெக்ஸுக்கு அனுப்புமுன் ஏ3 தாளில் ஒன்று எடுத்து எதிர்க்கடைச் சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தமிழ் தெரிந்த ஒருவரையும் தெலுங்கு தெரிந்த ஒருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் அவர் மொழி வரி தட்டாமல் வந்தால் பிரிண்ட்டுக்கு விடலாம்.